தைக்கிற வீட்டில் இஸ்திரிக்கு இடம் எங்கே?

கேள்வி: 9 பிப்ரவரி 2025
(மதுரை அனுப்பானடி வாசகி ஒருவர்)

அக்கா, கட்பீஸ் சுங்கடித் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொரு தையலையும் தேய்த்துக்கொண்டே போகணும் என்கிறார்கள். வாடகை வீடு, ஒரு ஹால், ஒரு பெட்ரூம். தரையில் பெட்ஷீட்டை மடித்துப் போட்டுத்தான் தேய்க்கிறேன். உட்கார்ந்து எழுந்து முட்டி போச்சு. கடையில் விற்கிற மடக்கு ஸ்டாண்டு வாங்கலாம் என்றால், "தரை இருக்கு, அயர்ன் பாக்ஸ் இருக்கு, எதுக்கு ஜம்பம்?" என்கிறார் என் கணவர். நிஜமாகவே தனி இடம் வேணுமா, இல்லை கடைக்காரர்கள் கிளப்பிவிட்டதா?

9 பிப்ரவரி, இரவு

பாதி உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. சட்டை, வேட்டி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தேய்க்கத் தரை போதும். எங்கள் வீட்டில் இருபது வருஷம் அப்படித்தான் நடந்தது. ஆனால் ஒட்டுத்துணி வேறு வேலை. அதில் தேய்ப்பது சுருக்கம் எடுக்க அல்ல, தையலைப் படிய வைக்க.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசையில் 16 துண்டு என்றால் நடுவில் 15 தையல். ஒவ்வொரு தையலிலும் துணி முழுசாக விரியாமல் ஒரு மில்லிமீட்டர் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டால், வரிசை 15 மில்லிமீட்டர் குறையும். அரை இஞ்ச்சுக்கும் மேல். பக்கத்து வரிசையில் கொஞ்சம் நன்றாகத் தேய்த்திருந்தால் அது குறையாது. இரண்டையும் சேர்க்கும்போது மெஷினையும் நூலையும் திட்டுவோம். பாவம், அவை என்ன செய்யும்.

அப்பா டெய்லர். சின்ன வயசில் நான் அயர்ன் பாக்ஸை முன்னும் பின்னும் இழுத்தால் கையில் ஸ்கேலால் தட்டுவார். "வை, அழுத்து, எடு." அவ்வளவுதான் அவர் பாடம். இழுத்தால் துணியும் கூடவே போகும். அதுவும் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய துண்டு என்றால் ரப்பர் மாதிரி நீளும், திரும்பி வராது.

இடம்? மெஷினை ஒட்டி வலது கைப் பக்கம் ஒரு சின்ன மேசை. உட்கார்ந்தபடியே திரும்பித் தேய்க்கலாம். துண்டுகளை வெட்டி, தைத்து, பிறகு தேய்த்தால் போதும். மடக்கு ஸ்டாண்டு வேண்டாம். காரணம் நாளைக்கு எழுதுகிறேன்.

11 பிப்ரவரி

மடக்கு ஸ்டாண்டு ஏன் வேண்டாம் என்றால், அது சட்டைக்காகப் பிறந்தது. ஒரு முனை கூம்பாக இருப்பது தோள்பட்டையை மாட்ட. நமக்கு வேண்டியது சதுரமான மூலை. அந்தக் கூம்பில் அகலமான துண்டைப் போட்டால் இரண்டு பக்கமும் தொங்கும். தொங்குகிற துணியின் கனமே அதை இழுக்கும். அப்புறம், அழுத்தினால் ஆடும். வெள்ளிக் கலர் உறை போட்டு விற்கிறார்கள் பாருங்கள், அது சூட்டை மேலே திருப்பி அனுப்பும், ஈரத்தைக் கீழே இறங்க விடாது. துணி வெந்த இட்லித் துணி மாதிரி நசநசவென்று இருக்கும்.

உயரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் ஐந்தடி இரண்டு இஞ்ச். எங்கள் அடுப்படி மேடை 32 இஞ்ச், அதில் நின்று அழுத்த எனக்கு வசதி. முழங்கையை மடக்கி நின்றால் அதற்கு நாலைந்து இஞ்ச் கீழே மேசை இருக்கணும். அப்போதுதான் உடம்புக் கனம் கை வழியே இறங்கும். முழங்கை உயரத்துக்கே மேசை இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், சாயங்காலம் கழுத்து பிடிக்கும்.

2 மார்ச்

மேசை தயார். எப்படி என்று கேட்டவர்களுக்கு:

வீட்டில் கிடந்த ஸ்டீல் மேசை, 30 இஞ்ச் உயரம். நாலு காலுக்கும் அடியில் ஒவ்வொரு செங்கல், அதன் மேல் சைக்கிள் டியூப் துண்டு. மேலே 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், நாலடிக்கு இரண்டடி. முழு ஷீட் எட்டுக்கு நாலு. ப்ளைவுட் கடைகளில் வெட்டி மிஞ்சியதைத் தனியாக அடுக்கியிருப்பார்கள், அதிலேயே கிடைத்தது. நாலடி நீளம் எதற்கு என்றால் சேலை அகலம் அதற்குள் அடங்கிவிடும். முந்தானையிலிருந்து வெட்டின துணியை ஒரே விரிப்பில் தேய்க்கலாம்.

ப்ளைவுட் மேல் என்ன போடுவது என்பதில்தான் மூன்று முறை அடி வாங்கினேன்.

முதலில் ஸ்பாஞ்ச். மெத்து மெத்தென்று இருந்தது, அதுதான் தப்பு. அயர்ன் பாக்ஸ் உள்ளே அமுங்கும்போது துணியும் குழிக்குள் போய் நீண்டது. சூட்டில் ஒரு நாற்றம் வேறு. இரண்டாவது, பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன். கனமான துணி, சரியாக வரும் என்று பார்த்தால், அதன் கோடு அத்தனையும் என் துண்டுகளில் அச்சாக விழுந்தது. மூன்றாவது, கம்பளிப் போர்வை இரண்டு மடிப்பு, மேலே காடாத் துணியை இழுத்து அடியில் ஸ்டேப்ளர் கன் வைத்து அடித்தேன். இதுதான் நின்றது. கம்பளி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியிலிருந்தும் தரும், துணி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படியும். வெளிநாட்டில் ஒட்டுத்துணி தைப்பவர்கள் கம்பளியை ஃபெல்ட்டாக இறுக்கிய பாய் ஒன்று விற்கிறார்கள், விலை பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினேன். வேலை இதேதான்.

மைக்கா ஒட்டின மேசையில் நேராக வைத்துத் தேய்க்காதீர்கள். சூடு ஏறினால் பசை விட்டு அப்பளம் மாதிரி எழும்பும். என் தங்கை வீட்டு டைனிங் டேபிளில் இன்னும் இருக்கிறது அந்த அப்பளம்.

5 மார்ச்

திருத்தம். நான் போட்டது கம்பளியே இல்லை.

மேலே எழுதினதைப் படித்த ஒருவர், "அக்கா, ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்திப் பாருங்க" என்றார். கொளுத்தினேன். அசல் கம்பளி எரிந்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகும். என்னுடையது உருகி, கறுப்பாக உருண்டு, ஆறினதும் மணி மாதிரி கல்லாகிவிட்டது. அக்ரிலிக். கம்பளி என்று சொல்லி வாங்கி வந்து ஆறு வருஷம் போர்த்தியிருக்கிறோம். "குளிரலையே, அது போதாதா?" என்கிறார் வீட்டில்.

ஏன் இதுவரை உருகவில்லை என்றால், மேலே இரட்டை மடிப்பு காடா இருந்தது, நான் காட்டன் சூட்டில் அதிக நேரம் வைக்கவில்லை. அதிர்ஷ்டம். இப்போது பிரித்து, பழைய பருத்திப் போர்வை போட்டிருக்கிறேன். கம்பளி அளவுக்குச் சூடு நிற்காது. ஆனால் பத்திரம். நேற்று வரை நான் சொன்னதை நம்பி யாராவது வாங்கியிருந்தால் முதலில் ஒரு நூலைக் கொளுத்துங்கள்.

22 மார்ச்

மின்சாரம் பற்றிக் கேட்டிருந்தார்கள். இதில் எனக்கு ஒரு சூடு பட்ட கதை உண்டு.

ஆசைப்பட்டு 2000 வாட் ஸ்டீம் அயர்ன் வாங்கினேன். மெஷின் இருக்கிற மூலையில் பிளக் பாயின்ட் ஒன்றுதான், அதனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மெஷின், டேபிள் லைட், அயர்ன் மூன்றும் அதிலேயே. நாலாவது நாள் கருகல் வாடை. துணிதான் கருகுது என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருகினது பாக்ஸ். பிளக் முள் பழுப்பேறி, ஓட்டை ஒரு பக்கம் இளகிப் போயிருந்தது.

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து கணக்குச் சொன்னார். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கு. பெரிய முள் போகிற 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் இதைச் சொருகணும், நடுவில் எக்ஸ்டென்ஷன் இருக்கவே கூடாது. 1000 வாட் பெட்டி நாலு ஆம்பியர் சொச்சம், 750 வாட் அதற்கும் குறைவு. இவற்றுக்குச் சின்ன பாயின்ட் தாங்கும்.

ஆகவே இடம் தேடுகிறவர்கள் முதலில் சுவரைப் பாருங்கள், மேசையை அப்புறம் பார்க்கலாம். பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இஸ்திரி. தரையில் உட்கார்ந்து தேய்க்கிற வாசகிக்குத் தனியாக ஒன்று: ஈரத் தரை, வெறும் கால், எர்த் இல்லாத பாயின்ட் மூன்றும் சேரக் கூடாது. பெட்டியைத் தொட்டால் சுரீர் என்றால் அதை அன்றோடு நிறுத்துங்கள்.

கரண்ட் பில் பயம் வேண்டாம். 750 வாட் பெட்டி இடைவிடாமல் எரிந்தாலும் மணிக்கு முக்கால் யூனிட்தான். சூடானதும் தானாக நின்று நின்று எரிவதால் அவ்வளவும் ஆகாது. தமிழ்நாட்டில் 2025 நிலவரப்படி வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்.

6 ஏப்ரல்

"ஸ்டீம் இல்லாமல் ஒட்டுத்துணியா?" என்று ஒருவர் கொஞ்சம் காட்டமாகவே கேட்டிருக்கிறார். கேளுங்கள், பதில் இருக்கிறது.

எங்கள் போர் தண்ணீரில் குளித்தால் பக்கெட்டில் வெள்ளைப் படிவு நிற்கும். அதை ஸ்டீம் அயர்னில் ஊற்றினேன். இரண்டு மாசம். அப்புறம் அடித் தட்டு ஓட்டைகளிலிருந்து ஆவியோடு வெள்ளைத் துகளும் துருக் கலர் நீரும் வந்து, வெள்ளைத் துண்டில் புள்ளி வைத்தது. அசல் சுங்கடி போட்டது மாதிரி. மாநகராட்சிக் குழாயில் வருகிற வைகைத் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அது வருகிற நேரம் நமக்குத் தெரிந்ததுதானே. பாட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கலாம். உங்கள் பெட்டியோடு வந்த தாளில் எந்தத் தண்ணீர் என்று போட்டிருக்கும், அதன்படி நடங்கள்.

நான் பழைய 750 வாட் வெறும் பெட்டிக்கே திரும்பிவிட்டேன். கையில் ஒரு ஸ்ப்ரே பாட்டில், இல்லையென்றால் பிழிந்த செல்லூர்த் துண்டு, தலை துவட்டுகிற துண்டுதான். துணி மேல் ஈரத் துண்டு, அதன் மேல் பெட்டி. புஸ்ஸென்று வருவதும் ஸ்டீம்தான். அப்பா ஆயுசுக்கும் இப்படித்தான் கோட்டு தைத்தார். இன்னொன்று, ஸ்டீம் ஒட்டுத்துணிக்கு எல்லா நேரமும் நல்லதல்ல. ஈரமும் சூடும் சேர்ந்தால் கிராஸ் ஓரம் இன்னும் சுலபமாக நீளும். நான் தையலை உலர்ந்தபடியே படிய வைத்துவிட்டு, முழு வரிசை முடிந்ததும் மட்டும் ஈரம் காட்டுகிறேன்.

ஏசியில் சொட்டுகிற தண்ணீரை ஊற்றலாமா என்று இரண்டு பேர். அதில் உப்பு இருக்காது, வாஸ்தவம். ஆனால் ஏசி உள்ளே இருக்கிற தூசியும் பாசியும் இருக்கும். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது, ஆகவே எனக்குச் சபலமும் கிடையாது.

12 மே

இன்று அழகர் ஆற்றில் இறங்கினார். தையல் கிடையாது, தேய்ப்பு கிடையாது. கூட்டத்தில் நனைந்து வந்து உட்கார்ந்து எழுதுகிறேன், விஷயம் கொஞ்சம் விலகும்.

அப்பாவுக்கு மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் மெஷின். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டின மண்டபம், எங்களுக்கு அது தையல் மெஷின் சத்தம். சித்திரை பிறந்தால் அழகருக்குத் தண்ணீர் பீச்சுகிறவர்களின் உடுப்புதான் ராத்திரி பகலாக. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் மெஷின். தேய்க்கிற பலகை இரண்டு கடைக்குப் பொது. கீழே சாக்கு, மேலே கம்பளி (அசல்!), அதன் மேல் காடா. தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட பெட்டி. சிரட்டைக் கரி பொறி பறக்காமல் நின்று எரியும். ஆனாலும் பெட்டியைத் துணியில் வைப்பதற்கு முன் சாம்பலை ஊதி, அடியை ஈரச் சாக்கில் ஒரு இழுப்பு இழுப்பார். வெல்வெட் வந்தால் குப்புறப் போட்டு, அடியில் இன்னொரு வெல்வெட் துண்டு வைத்து, பெட்டியைத் தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டுவார். நேராக வைத்தால் மயிர் படுத்துக்கொள்ளும், பளபளவென்று பெட்டியின் அச்சு நிற்கும்.

கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அந்தக் கரிப்பெட்டி எங்கள் வீட்டில் கதவுக்கு அண்டை கொடுக்கிறது.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. அந்தப் பலகைக்கு அப்பா எழுந்து போவார். மெஷினை ஒட்டி இருந்ததே இல்லை. நான் பிப்ரவரியில் எதைச் சொன்னேன்?

18 மே

சுங்கடி பற்றி. பிப்ரவரியில் "வெட்டி, தைத்து, பிறகு தேய்த்தால் போதும்" என்று எழுதினேனே, அதை அழித்துவிடுங்கள்.

முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றின அசல் சுங்கடியில், முடிச்சு அவிழ்த்த இடம் ஒவ்வொன்றும் குட்டிக் கூம்பாக நிற்கும். பிரின்ட் சுங்கடியில் அது இருக்காது. அந்தக் கூம்போடு ஐந்து இஞ்ச் சதுரமாக வெட்டினேன். தைத்துத் தேய்த்ததும் கூம்பெல்லாம் படுத்து, சதுரம் ஒரு பக்கம் ஐந்தேகால் ஆனது. பக்கத்தில் இருக்கிற பாப்ளின் துண்டு ஐந்திலேயே நிற்கிறது. நாற்பது துண்டு. பிரித்தேன்.

வரிசை இப்படி இருக்கணும்: நனைத்து, உலர்த்தி, லேசான ஈரத்தில் தேய்த்து, அப்புறம்தான் கத்தரிக்கோல். நனைப்பது சாயத்துக்காகவும். அரக்குச் சிவப்பு, வெள்ளை இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஈரத் துண்டு போட்டு அழுத்தினால் வெள்ளை ரோஸாகிவிடும். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், நானும் நம்பினேன். இரண்டாம் தண்ணீரிலும் சிவப்பு இறங்கியது. இப்போது நனைத்த துண்டின் மூலையை வெள்ளைத் துணிக்கு இடையில் வைத்துப் பெட்டியால் அழுத்திப் பார்க்கிறேன். வெள்ளையில் ஒட்டினால் மறுபடி அலசு. ஒட்டுவது நின்ற பிறகே போர்வைக்குள் அனுமதி.

2005-ல் புவிசார் குறியீடு வாங்கின துணி. கட்பீஸ் ஆனாலும் கொஞ்சம் மரியாதையோடு நடத்தணும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் மடிப்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று கேட்டவருக்கு: அழுத்தமான கலர் பக்கம். அப்படியானால் வெளிர் துணியில் நிழல் தெரியாது. ஒரு வரிசையை வலது பக்கம், அடுத்ததை இடது பக்கம் சாய்த்தால் சேரும் இடத்தில் இரண்டு மேடும் ஒன்றையொன்று கவ்வி உட்கார்ந்துகொள்ளும், மூலை தானாகப் பொருந்தும்.

21 ஜூன்

மேசையை இடம் மாற்றிவிட்டேன். மெஷினிலிருந்து ஆறு தப்படி தள்ளி, ஜன்னல் ஓரம்.

உட்கார்ந்தபடியே திரும்பித் தேய்ப்பது கேட்க நன்றாக இருந்தது. நாலு மாசத்தில் இடுப்பு ஒரு பக்கம் பிடித்தது. உட்கார்ந்து அழுத்தினால் கனம் இறங்காது, மணிக்கட்டுதான் வேலை செய்யும். ஒரு நாள் பெட்டி வயர் மெஷின் மேல் கிடந்த பாலியஸ்டர் நூல் கோனை இழுத்து, கோன் சூட்டுத் தட்டில் சாய்ந்து, நூல் உருகி ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டிய கதை வேண்டாம்.

இப்போது இருபது ஜோடியை நூல் வெட்டாமல் தொடர்ச்சியாகத் தைத்துவிட்டு, மாலை மாதிரி தூக்கிக்கொண்டு எழுந்து போகிறேன். நின்று தேய்த்து, அங்கேயே வெட்டி அடுக்கி, திரும்பி வருகிறேன். முட்டிக்கும் இடுப்புக்கும் இது வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்காத ஜாதி நான்.

ஆனால் ப்ளவுஸ் கழுத்துக்கு கேன்வாஸ் ஒட்டும்போது, சின்னப் பை தைக்கும்போது, அடிக்கொரு தரம் எழுந்தால் வேலை ஓடாது. அதற்கு மெஷின் பக்கத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி பலகை வைத்திருக்கிறேன். ஆக, இரண்டு இடம். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

3 ஜூலை

ஃபேன். யாருமே இதைச் சொல்வதில்லை. மதுரை வெயிலில் ஃபேன் இல்லாமல் இஸ்திரி முடியாது. ஃபேன் போட்டால் அடுக்கின துண்டெல்லாம் பறக்கும், துணி சட்டென்று ஆறும். காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை ஃபேன் இல்லாமல். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

19 ஜூலை

தேய்த்த உடனே தையல் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து அழுத்தினால், கட்டை ஈரத்தையும் சூட்டையும் இழுத்து மடிப்பைக் கத்தி மாதிரி படிய வைக்கும். அதற்கென்று கட்டை விற்கிறார்கள். வீட்டில் இருக்கிற சப்பாத்திக் கட்டை போதாதா என்று நினைத்தேன்.

போதாது. பத்து வருஷ எண்ணெய் மொத்தமும் சூட்டில் வெளியே வந்து, என் வெள்ளைத் துண்டில் முழு நிலா.

ஆசாரியிடம் கேட்டு, வேம்பில் ஒரு மிச்சக் கட்டை, ஒன்பது இஞ்ச் நீளம், இழைத்து, வார்னிஷ் போடாமல் வாங்கினேன். காசு வாங்கவில்லை. முதல் வாரம் துணியில் வேப்ப வாசம் வந்தது, பூச்சி வராது என்று சந்தோஷப்பட்டேன்.

24 ஆகஸ்ட்

பூச்சி வந்தது.

கஞ்சியால். வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தால் காகிதம் மாதிரி நிற்கும், கிராஸ் ஓரம் அசையாது. கடை ஸ்ப்ரே வேண்டாம் என்று ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, நீர்க்கக் கரைத்துத் தெளித்தேன். அருமையாக வந்தது. அந்தத் துண்டுகளை அப்படியே துணிப் பெட்டியில் போட்டு ஒரு மாசம் மறந்தேன். திறந்தால் வெள்ளிப் பூச்சி மினுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஓரங்களில் ஊசி ஓட்டை. மாவுச்சத்து அதுகளுக்கு விருந்து. கஞ்சி போட்டால் அந்த வாரமே தைத்து, முடித்து, அலசிவிடணும். அடுக்கி வைக்கிற துணிக்குக் கஞ்சி கூடாது.

கஞ்சி சரியாக உலராமல் பெட்டியை வைத்தால் அடியில் பழுப்பு ஒட்டும். ஆறின பிறகு ஈரத் துணி. பாராசிட்டமால் மாத்திரையைச் சூட்டுத் தட்டில் தேய்க்கச் சொல்கிறார்கள், தேய்த்தேன், போனது. அந்தப் புகை தொண்டையைக் கமறிக்கொண்டு வந்தது. இனி மாட்டேன்.

9 நவம்பர்

அனுப்பானடி வாசகி மறுபடி வந்தார். அவர் செய்தது: ப்ளைவுட் வாங்கி, உறை போட்டு, பீரோவுக்குப் பின்னால் செருகி வைக்கிறார். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் அடுப்படி மேடையில் விரிப்பு. மிக்ஸிக்கான பாயின்ட் பக்கத்திலேயே. நாலு மணி காபிக்கு முன் மறுபடி பீரோவுக்குப் பின்னால். வாடகை வீட்டுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லை. என் செங்கல் மேசையே கொஞ்சம் ஜம்பமாகத் தெரிகிறது.

ஒரு குறை மட்டும், துண்டுகளில் தாளிப்பு வாசம் என்கிறார். மேடையைத் துடைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் சாக்கு விரித்து அதன் மேல் பலகையை வையுங்கள், எண்ணெய் ஏறாது. வாசம், போர்வை முடிந்து ஒரு தண்ணீர் அலசினால் போகும்.

இன்னொரு தகவல். தீபாவளிச் சட்டையை அந்தப் பலகையில் தேய்த்துப் பார்த்த வீட்டுக்காரர், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாராம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைகள். உறை பழுப்பாகிவிட்டது.

உறைக்குக் காடா வாங்கப் போகிறவருக்கு: தைப்பதற்கு முன் கட்டாயம் நனையுங்கள், வெளுக்காத கோரா காடா நன்றாகச் சுருங்கும். நாலடிப் பலகைக்கு ஒன்றரை மீட்டர் போதும். நான் மூன்று வாங்கிவிட்டேன்.